ஆளு இங்கதானே இருக்கு

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது நாகர்கோவில் பக்கம் இருக்கிறார், போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. எழுதலாமா என்று கேட்டால் நிமிஷத்தில் முடிகிற காரியம்தான். ஆனால் கேட்டு, அவர் "வேண்டாம்" என்றுவிட்டால் அதோடு போயிற்று. அவர் அகராதியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதனால் பெயரை மட்டும் விட்டுவிட்டு, கேட்காமலே எழுதுகிறேன். இது அவருக்கு அறவே பிடிக்காத காரியம் என்று தெரிந்தேதான் செய்கிறேன்.

டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டாவது மாடி, அவர் முதல் மாடி. பிளாக் முழுக்க அவருக்கு சிஸ்டர் என்றுதான் பெயர், இந்திக்காரர்களுக்கு சிஸ்டர்ஜி. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வீடு அவர் பேரிலேயே அலாட் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊரில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்லிக் குளிருக்குப் பயந்து அவர் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. சிஸ்டர் தனியாக இருந்தார், ஆனால் அவரைப் பார்த்து யாரும் பாவம் என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்ல விடுகிற ஆள் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரைப் பற்றிய எதையும் அந்த ஒருவரிடமேதான் கேட்பார். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க மாட்டார். யாராவது இடையில் புகுந்து பதில் சொன்னால் கையை லேசாக உயர்த்தி, "ஆளு இங்கதானே இருக்கு, கேட்டா போச்சு" என்பார். கேட்டபிறகு, வருகிற பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார். இந்த இரண்டாவது பாதிதான் எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நாங்கள் திருச்சிக்காரர்கள். எங்கள் பக்கத்தில் காபி வேண்டுமா என்று கேட்டால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை டம்ளர் கைக்கு வந்துவிட வேண்டும். அதுதான் முறை. குடிவந்த புதிதில் அவர் வீட்டுக்குப் போனேன். "காப்பி குடிக்கியா மக்களே?" என்றார், ஒரே ஆளையும் மக்களே என்று கூப்பிடுவது அவர் ஊர்ப் பழக்கம். "பரவாயில்லைங்க, இப்பதான் குடிச்சேன்" என்றேன். "சரி" என்று சொல்லி எதிரே உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் பேசினோம். உள்ளேயிருந்து சுக்குக்காப்பி வாசனை வேறு. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் குமுறித் தீர்த்தேன். "கஞ்சமகராணி" என்று அன்றைக்கே பட்டமும் கட்டினேன். பிறகு ஒருநாள், எனக்குப் பிறந்தநாள் என்று தெரிந்து என்ன வேண்டும் என்று கேட்டார். புத்தியில்லாமல் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லித் தொலைத்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் "மாம்பழக் கலர்ல காட்டன் புடவை" என்றேன். அதே கலரில், பார்டர் உட்பட, தேடிப்பிடித்து வாங்கிவந்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் சர்ச்சிலிருந்து பாட்டுக் குழு எங்கள் பிளாக்குக்கு வரும். கீழ்வீட்டில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் மகன் வாசலில் நின்று, "அப்பாவுக்கு அமைதியான பாட்டா ஒண்ணு பாடுங்க, அவருக்கு இப்ப ஒண்ணும் புரியறதில்ல" என்றார். சிஸ்டர் குழுவை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தார். "ஐயா, என்ன பாட்டு வேணும்?" பெரியவர் வாய் கோணக் கோண ஏதோ சொன்னார். அது கறுப்பு வெள்ளைக் காலத்துக் காதல் பாட்டு ஒன்றின் முதல் வரி. போதகர் தலையைச் சொறிந்தார். கிடார் வைத்திருந்த பையனுக்கு அந்தப் பாட்டே தெரியாது. சிஸ்டர் தனியாகப் பாடினார். சுருதி எங்கேயோ போயிற்று. பெரியவர் நல்ல கையால் மெத்தையில் தாளம் போட்டார், மகன் வாசலிலேயே நின்று அழுதார். நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். கஞ்சமகராணி பட்டத்தை அன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஒருவரிடம் மதிப்பு வைத்திருப்பது வேறு, நம் வீட்டு விஷயத்தில் அவர் தலையிடும்போது பொறுத்துக்கொள்வது வேறு. அதை நான் அடுத்து வந்த மார்ச் மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

என் கணவருக்கு வயிற்றுவலி. ஆபீஸ் கேன்டீன் சமோசாவின் உபயம் என்று நினைத்தோம். விடாமல் இருக்கவே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டை நான்தான் வாங்கப் போனேன். ஆட்டோவில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். மண்ணீரல் சிறியதாக இருக்கிறது, வயிற்றுக்குள் பல இடங்களில் சின்னச் சின்னக் கட்டிகள், வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் பரவியதாகச் சந்தேகம் என்று எழுதியிருந்தது. மூன்று முறை படித்தேன். ஆட்டோக்காரர் "பஹன்ஜி, கிதர் ஜானா ஹை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்கு வீட்டு விலாசம் வாயில் வரவில்லை.

முதலில் போன் செய்தது துவாரகாவில் இருக்கும் மூத்தாருக்கு. என் கணவரின் ஒரே அண்ணன், விமான நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். தம்பியைப் படிக்கவைத்து, டெல்லிக்குக் கூட்டிவந்து, கல்யாணம் செய்துவைத்து எல்லாம் அவர்தான். ஒரு மணி நேரத்தில் மெட்ரோ பிடித்து வந்துவிட்டார். மாடிப்படியிலேயே என்னை நிறுத்தி, "அவன்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடக்கூடாதும்மா. தாங்கமாட்டான். அல்சர்னு சொல்லிருவோம். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் இந்த வியாதி வந்த யாருக்கும் இன்ன வியாதி என்று கடைசிவரை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூத்தாரும் நானும் ஃபைலோடு உள்ளே போனோம். டாக்டர் சர்தார்ஜி, நல்ல மனிதர், வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். "பஹலே கோயி ஆபரேஷன் ஹுவா?" என்று கேட்டார், முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று. "அப்பெண்டிக்ஸ், வெடிச்சிருச்சு, அதனால பெரிய தையல்" என்றார் மூத்தார் சட்டென்று. அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. வாய்வழியாகக் குழாய்விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண் இருந்தது, புற்று இல்லை. குடலிலும் இல்லை. எங்கே தொடங்கியது என்று தெரியாததால் வயிற்றைத் திறந்து கட்டியிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். திங்கட்கிழமை தேதி கொடுத்தார்கள். என் கணவரிடம் "அல்சருக்குச் சின்ன ஆபரேஷன்" என்று சொன்னோம். அவர் தலையாட்டினார்.

அதுவரை தினம் ஒரு ஊசி போட வேண்டியிருந்தது. வேறு யாரைக் கூப்பிடுவது? சிஸ்டரைத்தான். அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிய மூத்தார், "நீங்களும் அல்சர்னே சொல்லிருங்க சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டார்.

"நானா போய் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவரு கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

"இது குடும்ப விஷயம் சிஸ்டர்."

"குடும்பம் உங்களுது. வயிறு அவருதுல்லா" என்றார் சிஸ்டர், குரலை உயர்த்தாமல்.

மூத்தார் முகம் சிவந்து பால்கனிக்குப் போய்விட்டார். எனக்கும் சுருக்கென்றது. நம் வீட்டில் வந்து நம் பெரியவரை இப்படிப் பேசலாமா என்று மனதுக்குள் பொருமினேன்.

சிஸ்டர் உள்ளே போய் என் கணவரிடம், "எங்க வலிக்கு தம்பி? நீங்களே தொட்டுக் காட்டுங்க" என்றார். அவர் பனியனைத் தூக்கினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை நேராக இறங்குகிற பழைய தழும்பு. இருபத்திநாலு வருஷமாக நான் பார்த்துவருகிற தழும்பு.

"இது என்ன ஆபரேஷன்?"

"அப்பெண்டிக்ஸ்."

"அப்பெண்டிக்ஸ் கீழ, வலப்பக்கம்லா இருக்கு. இம்புட்டு மேல எதுக்கு வெட்டினாவ?"

"வெடிச்சிருச்சு..."

"எத்தன நாள் படுத்திருந்திய? ரத்தம் ஏத்தினாவளா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல சிஸ்டர்" என்றார். சிஸ்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஊசியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மக்களே, வயித்தக் கிழிச்சத ஒருத்தரும் மறக்க மாட்டாவ. நீங்க அவருகிட்ட ஒண்ண மறைக்கிய. அவரு உன்கிட்ட ஒண்ண மறைக்காரு. எதுக்குக் கேக்கோம்னு தெரிஞ்சாத்தான் அவரு வாயத் திறப்பாரு. இன்னைக்கி சனிக்கிழம. திங்கக்கிழம கத்தி வச்சிருவாவ."

"நீங்களே சொல்லிருங்க சிஸ்டர். என்னால முடியாது."

"நான் சொன்னா அது ஆஸ்பத்திரி சொன்ன மாதிரி. நீதான் பொண்டாட்டி. உன்னால முடியும்." என்னை உற்றுப் பார்த்தார். "முடியுமா, முடியாதா? கேட்டுட்டுத்தான் நான் கீழ போவேன்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் ஒன்றைச் சொன்னால் அப்புறம் அதைச் செய்தாக வேண்டும்.

மத்தியானம் மூத்தார் துவாரகாவுக்குத் திரும்பிப் போனதும் கதவைத் தாழிட்டு, ரிப்போர்ட்டை என் கணவர் மடியில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் படித்தார். அவர் உடைந்துவிடுவார் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர், "இதுக்குத்தான் அண்ணன் தெனம் ஆப்பிள் வாங்கிட்டு வர்றாரா?" என்று கேட்டார். பிறகு பனியனைத் தூக்கித் தழும்பைத் தடவிக்கொண்டே, "அது அப்பெண்டிக்ஸ் இல்ல" என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், ரிங் ரோட்டில் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருக்கிறது. மண்ணீரல் சிதைந்து உள்ளேயே ரத்தம் கொட்டி, பிழைத்ததே பெரிய விஷயம். மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். ஊரில் பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது. உள்ளுறுப்பு இல்லாத பிள்ளை என்றால் யார் பெண் கொடுப்பார்கள் என்று மூத்தார்தான் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். என் அப்பாவும் அதை நம்பித் தலையாட்டியிருக்கிறார். இருபத்திநாலு வருஷத்தில் அந்தப் பொய் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நிஜம்போல ஆகிவிட்டிருந்தது.

அழவோ சண்டைபோடவோ அன்றைக்கு நேரமில்லை. நேரே கீழே போய் சிஸ்டரைக் கூட்டிவந்தேன். இந்த முறை என் கணவர் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார்.

சிஸ்டர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். "நான் டாக்டர் இல்ல. அதனால இருக்கலாம்னுதான் சொல்லுதேன்" என்று தொடங்கினார். மண்ணீரல் சிதறும்போது அதன் துணுக்குகள் வயிற்றுக்குள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு, ரத்தம் இழுத்து வருஷக்கணக்கில் வளர்வது உண்டாம். கெடுதல் ஒன்றும் செய்யாதாம். ஆனால் ஸ்கேனில் பார்த்தால் புற்று பரவின மாதிரியே தெரியுமாம். அவர் வார்டில் ஒரு லாரி டிரைவருக்கு அப்படி இருந்ததாம். "அதுல கத்தியோ ஊசியோ பட்டா ரத்தம் நிக்காது. வெட்டுதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும். நீங்கதான் சொல்லணும் தம்பி, உங்க அண்ணன் இல்ல."

திங்கட்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். காலை ஏழு மணிக்கே வார்டு வாசலில் நின்றுகொண்டார். மூத்தாரும் வந்திருந்தார். தம்பிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இல்லாத உறுப்பால இனிமே என்ன ஆகப்போவுதுன்னு நெனச்சுட்டேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சர்தார்ஜி டாக்டர் வந்ததும் உதவியாளர் "ஜல்தி, ஜல்தி" என்று எங்களை ஒதுக்கினார். சிஸ்டர் ஒதுங்கவில்லை. "டாக்டர் சாப், பேஷன்ட் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, தான் ஒரு வார்த்தை பேசாமல் என் கணவரை முன்னால் தள்ளினார். ஆஸ்பத்திரி கவுனில், வெறுங்காலோடு, என் கணவர் அந்த விபத்தைத் தன் வாயால் சொன்னார்.

டாக்டர் நின்றார். ஸ்கேன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று இந்தியில் கேட்டார். ஆபரேஷனை நிறுத்திவைத்தார்.

அதன்பிறகு வேறொரு ஸ்கேன். அவருடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, லேசாகச் சூடுபடுத்தி, ஒரு மருந்து கலந்து திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். சூடுபட்டுக் கெட்ட அணுக்களைப் பிடித்துவைப்பது மண்ணீரலின் வேலையாம். எங்கெல்லாம் மண்ணீரல் இருக்கிறதோ அங்கெல்லாம் படத்தில் பளிச்சென்று தெரியும். எந்தக் கட்டிகளைப் புற்று என்று சந்தேகப்பட்டார்களோ அத்தனையும் தெரிந்தன, ஒன்று பாக்கியில்லாமல். சிறியதாக இருக்கிறது என்று எழுதியிருந்த மண்ணீரலும் அப்படி வளர்ந்த துண்டுதான். "இது எதையும் தொட வேண்டாம். புண்ணுக்கு மாத்திரை சாப்பிடுங்கள், மண்ணீரல் எடுத்த உடம்பு, காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வாருங்கள்" என்று டாக்டர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். நான் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். சிஸ்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

சந்தோஷம் அன்றைக்கு ஒருநாள் முழுக்க இருந்தது. மறுநாள் காலையில் கண் விழித்ததும் கோபம் வந்தது. தினம் பார்த்த தழும்பில் ஒரு பொய்யை ஒட்டிவைத்து, என்னை இத்தனை வருஷம் முட்டாளாக்கியிருக்கிறார்கள். அந்தப் பொய்க்காக மனிதர் அநியாயமாகக் கத்திக்குக் கீழே படுக்க இருந்தார். மூத்தார் வந்து மன்னிப்புக் கேட்டார். வாங்க, உட்காருங்க என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். என் கணவரிடம் ஐந்து நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை ணங்கென்று வைப்பேன், அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார்.

ஆறாம் நாள் சாயங்காலம் சிஸ்டர் வந்தார். என் கணவர் அவரிடம் கெஞ்சினார். "சிஸ்டர், இவகிட்ட நீங்களாச்சும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"ஆளு இங்கதானே இருக்கு."

"நான் என்ன சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கிறா. அப்ப பொண்ணு பாக்கப் போனப்போ அண்ணன்தான்..."

"அண்ணன விடுங்க. இவகிட்ட நீங்க கேட்டியளா?"

"என்ன கேக்கணும்?"

"எனக்கு மண்ணீரல் இல்ல, என்னக் கட்டிக்கிடுதியான்னு."

"இப்பவா? இருபத்திநாலு வருஷம் ஆச்சே சிஸ்டர்."

"ஆனா என்ன?"

அடுப்பில் குக்கர் இருந்தது. நான் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் எழுந்து என் எதிரே வந்தார். "அப்பவே சொல்லிக் கேட்டிருந்தா, கட்டியிருப்பியா?" என்றார்.

யோசித்தேன். பொய் சொல்ல மனது வரவில்லை. "மாட்டேன்" என்றேன். "எங்கப்பா போட்டோவத் திருப்பி அனுப்பியிருப்பாரு. நானும் சரின்னுதான் இருந்திருப்பேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. சிஸ்டர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, அவரையும் தேற்றவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். படியில் அவர் காலடிச் சத்தம் ஓயும்வரை நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.

"இப்ப கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். என் நாற்பத்தெட்டு வயதில், குக்கர் விசிலுக்கு நடுவே, என்னை முதன்முறையாக ஒருவர் அதைக் கேட்டார்.

"சரி" என்றேன்.